பார்கோடும் பிரிண்டரின் புள்ளிக் கணக்கும்

போன பொங்கல் விழாவில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். நம் சங்க உறுப்பினர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து என் கையில் வைத்தார். செம்பூர் பக்கம் ஊறுகாய், பொடி வகைகளைப் பாக்கெட் போட்டு விற்பவர் அவர். "சார், நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, இதைக் கொஞ்சம் பாருங்க. கடையில ஸ்கேனர் இதை எடுக்கவே மாட்டேங்குது. பிரிண்டர் வித்தவன் ஸ்கேனர் சரியில்லைங்கறான். ஸ்கேனர்காரன் பிரிண்டரைக் குத்தம் சொல்றான். நடுவுல கிடந்து நான் அல்லாடறேன்" என்றார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் கறுப்பாக, பளிச்சென்று, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தன. இருந்தாலும் குற்றம் எங்கே இருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் இதே தப்பை நானே ஒரு முறை செய்து, இன்னொருவருடைய தீபாவளி வியாபாரத்தைக் கெடுத்திருக்கிறேன். கையில் வெற்றிலையோடு நின்றுகொண்டு அதை விளக்க முடியாது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம்மவர்களில் பாக்கெட் வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர். படிக்கும் பிள்ளைகளும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார்கள்.

'பார்' என்றால் ஆங்கிலத்தில் பட்டை, 'கோடு' என்றால் குறியீடு. தமிழ்க் காதுக்கு அது 'பார், கோடு!' என்று கேட்கும். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் படித்த நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் 1949-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1952-இல் பெற்றார்கள். உட்லண்ட் மியாமி கடற்கரையில் உட்கார்ந்து, தந்தி அடிக்கும் மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழே இழுத்து நீட்டிப் பார்த்தபோது இந்த யோசனை பிறந்ததாம். கடைக்கு வர மேலும் 22 ஆண்டுகள் ஆயின. 1974 ஜூன் 26-ஆம் தேதி ஓஹையோ மாநிலத்து டிராய் என்ற ஊரில் ஒரு சூயிங் கம் பாக்கெட்தான் முதன்முதலில் ஸ்கேனரில் பில் போடப்பட்டது.

மோர்ஸ் குறியில் புள்ளிக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. பார்கோடில் அது அகலத்துக்கு வந்துவிட்டது. உயரம் எவ்வளவு இருந்தாலும் செய்தி மாறாது. ஸ்கேனர் சாய்வாகப் போனாலும் எங்கேயாவது ஓர் இடத்தில் எல்லாக் கோடுகளையும் வெட்டிச் செல்லட்டும் என்பதற்காகத்தான் உயரமாகப் போடுகிறோம். செய்தி முழுவதும் கறுப்புக் கோடு எவ்வளவு அகலம், அதற்கு அடுத்த வெள்ளை இடைவெளி எவ்வளவு அகலம் என்பதில் அடங்கியிருக்கிறது. வெள்ளையும் எழுத்துதான் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கறுப்பு அரை நூல் பெருத்தால், வெள்ளை அரை நூல் இளைக்கும். இரண்டு பக்கமும் கணக்குக் கெடும்.

நான் இந்த வேலையைக் கற்றது 1993-இல், தானேயில் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். கிடங்கில் உள்ள பெட்டிகளுக்கு எல்லாம் லேபிள் வேண்டும் என்றார்கள். தனியாக லேபிள் பிரிண்டர் வாங்கப் பணம் இல்லை. கையில் இருந்தது 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றும், ஜி.டபிள்யூ. பேசிக்கும்தான்.

கிடங்குகளில் அப்போது பரவலாக இருந்தது 'கோடு 39' என்ற வகை. ஒவ்வோர் எழுத்துக்கும் 5 கறுப்புக் கோடு, 4 வெள்ளை இடைவெளி, ஆக மொத்தம் 9. அதில் 3 தடித்தவை, மற்ற 6 மெல்லியவை. தடித்தது மெல்லியதைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்கலாம். மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஓர் எழுத்துக்கு 15 மெல்லிய அகலம், அடுத்த எழுத்துக்கு முன் ஓர் இடைவெளி சேர்த்து 16. முதலிலும் கடைசியிலும் ஒரு நட்சத்திரக் குறி வர வேண்டும். எங்கள் பாக எண் 8 எழுத்து, நட்சத்திரங்களோடு 10.

பிரிண்டருக்குக் கோடு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது புள்ளி மட்டும். எப்சன் வகை பிரிண்டரில் 27, 76 என்ற இரண்டு எண்களை அனுப்பினால், "இனி வருவது எழுத்து இல்லை, படம், அங்குலத்துக்கு 120 நெடுவரிசை" என்று அது புரிந்துகொள்ளும். அடுத்த இரண்டு எண்கள் எத்தனை நெடுவரிசை என்று சொல்பவை. எனக்கு வேண்டியது 10 எழுத்து, எழுத்துக்கு 16 அகலம், ஒரு மெல்லிய அகலத்துக்கு 2 நெடுவரிசை, ஆக 320. அதை 256-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 64. எனவே 27, 76, 64, 1. அதன்பின் 320 எண்கள்: 8 ஊசியும் அடிக்க வேண்டிய இடத்தில் 255, சும்மா நகர வேண்டிய இடத்தில் 0. ஒரு பட்டை அடித்து முடிந்ததும் காகிதம் சரியாக 8 ஊசி உயரம் மட்டும் ஏற வேண்டும். அதற்கு 27, 51, 24. இப்படி ஐந்து பட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தால் 14 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கோடு வந்துவிடும்.

வந்தது. ஆனால் பாதியில் ஒரு இடத்தில் எல்லாம் குழம்பி, புள்ளிகள் சிதறின. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, பேசிக் தானாகவே 80 எழுத்துக்கு ஒரு முறை 'வரி முடிந்தது' என்று 13, 10 என்ற எண்களைச் செருகிக்கொண்டிருந்தது என்பது. அகலத்தை 255 என்று அறிவித்தால் அது நின்றுவிடும். கையேட்டில் ஒரு வரியாக இருந்த விஷயம்.

அது சரியான பிறகும் ஸ்கேனர் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அகலத்தின் அருமை தெரிந்தது. நான் கணக்கிட்டதெல்லாம் ஊசிகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம். ஒரு நெடுவரிசை என்பது 0.21 மி.மீ. ஆனால் ஊசியின் பருமனோ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குப் பக்கம். இரண்டு நெடுவரிசைக் கோடு 0.42 இருக்க வேண்டிய இடத்தில் 0.54 மி.மீ. ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்து வெள்ளை 0.42 இருக்க வேண்டியது 0.30-ஆகச் சுருங்கிவிட்டது. புது ரிப்பன் போட்டால் மை பரவி இன்னும் மோசம். மெல்லிய கறுப்பு தடித்ததைப் போல ஆகத் தொடங்கியது; மெல்லிய வெள்ளை காணாமல் போகத் தொடங்கியது.

வழி எளிது. எல்லாக் கறுப்பிலும் ஒரு நெடுவரிசையைக் கழித்து, அதைப் பக்கத்து வெள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். மெல்லிய கறுப்புக்கு 2 பதில் 1, மெல்லிய வெள்ளைக்கு 2 பதில் 3. தடித்த கறுப்புக்கு 5, தடித்த வெள்ளைக்கு 7. கூட்டினால் மொத்தம் மாறாது. காகிதத்தில் மை பரவி முடிந்ததும் கறுப்பும் வெள்ளையும் சமமாக நிற்கும். தையற்காரர் துணி சுருங்கும் என்று தெரிந்து ஒரு விரல் கூட வைத்து வெட்டுகிறாரே, அதே கதைதான், தலைகீழாக. அச்சுத் தொழிலில் இதற்கு 'கோடு அகலக் குறைப்பு' என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு என்பதும், பெரிய அச்சகங்கள் இதை அந்தந்த மெஷினுக்கு ஏற்றபடி அளந்து வைத்திருக்கின்றன என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடைகளில் நாம் பார்ப்பது வேறு வகை, இ.ஏ.என்.-13. பதின்மூன்று இலக்கம். நம் நாட்டில் பதிவு பெற்றவர்களின் எண் 890 என்று தொடங்கும். (890 இருந்தால் இந்தியாவில் செய்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எண்ணை ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பில் வாங்கினார்கள் என்பது மட்டுமே அதன் பொருள்.) இதில் தடித்தது, மெல்லியது என்ற இரண்டு நிலை போதாது. கோடும் இடைவெளியும் 1, 2, 3, 4 என நான்கு அகலங்களில் வரும். அந்த ஒரு பங்கு அகலத்தை 'மாட்யூல்' என்பார்கள். ஓர் இலக்கத்துக்கு 7 மாட்யூல். ஓரக் காவல் கோடுகள், நடுக் காவல் கோடுகள் எல்லாம் சேர்த்து 95. இடப் பக்கம் 11, வலப் பக்கம் 7 மாட்யூல் அளவுக்கு ஒன்றும் எழுதாத வெள்ளை கட்டாயம் வேண்டும். ஆக 113. ஒரு மாட்யூலின் சரியான அளவு 0.33 மி.மீ. அதை 80 சதவீதம் வரை குறைக்கலாம், 200 சதவீதம் வரை கூட்டலாம், அதாவது 0.264-இலிருந்து 0.66 வரை.

இந்த அளவை வைத்துக்கொண்டு என் தப்பைச் சொல்கிறேன்.

2011-ஆம் வருஷம். தாராவியில் முறுக்கு போடும் அக்கா ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கூடையில் வைத்து விற்க ஆரம்பித்து, எட்டுப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தார். ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால் பார்கோடு இல்லாமல் முடியாது என்றார்கள். எண் பதிவு செய்து வாங்கியாகிவிட்டது. லேபிள் அச்சடிக்கும் புரோகிராமை நான் எழுதிக் கொடுத்தேன். பிரிண்டர் 203 டி.பி.ஐ. தெர்மல். லேபிள் 38-க்கு 25 மி.மீ., மலிவாகக் கிடைக்கும் சைஸ். 1993-இல் அவ்வளவு பட்டவன், விண்டோஸ் வந்த சுகத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பார்கோடைப் படமாக வரைந்து, 'லேபிளுக்குள் அடங்கும்படி சுருக்கு' என்று விட்டுவிட்டேன். வீட்டில் இருந்த ஸ்கேனரில் வைத்தேன், 'பீப்' என்றது. சரி, முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு 12 அட்டைப் பெட்டிகள், 600 பாக்கெட், திரும்பி வந்தன. அவர்களுடைய கவுண்டரில் பத்துக்கு நாலு பாக்கெட் எடுக்கவில்லை. அக்கா திட்டவில்லை. "பீப் சத்தம் கேட்டுச்சுன்னுதானே தம்பி சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். முறுக்கு காத்துக்கொண்டிருக்காது. அந்தச் சரக்கை ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அடக்க விலைக்கும் கீழே சந்துக் கடைகளில் தள்ளினார்கள்.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். 203 டி.பி.ஐ. என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஒரு புள்ளி 0.125 மி.மீ. 38-இல் ஓரத்துக்கு ஒவ்வொரு மி.மீ. விட்டால் 36 மி.மீ., அதாவது 288 புள்ளி. அதை 113-ஆல் வகுத்தால் ஒரு மாட்யூலுக்கு 2.55 புள்ளி. அரைப் புள்ளியை எந்தத் தெர்மல் தலையும் அடிக்காது. ஒரு புள்ளி சூடானால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. எனவே விண்டோஸ் என்ன செய்தது? ஒரே அளவாக இருக்க வேண்டிய கோடுகளில் சிலவற்றுக்கு 2 புள்ளி, சிலவற்றுக்கு 3 புள்ளி என்று முழுமையாக்கிக்கொண்டது. ஒன்றுக்கு ஒன்று ஒன்றரை மடங்கு! கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில் தெரிந்தது. 0.25 மி.மீ. கோடும் 0.375 மி.மீ. கோடும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நின்றன.

சரி, வீட்டில் மட்டும் எப்படி எடுத்தது? ஸ்கேனர் கோடுகளின் அகலத்தை நேரடியாக நம்புவதில்லை. ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை அளக்கிறது. எல்லாக் கோடும் ஒரே சீராகப் பெருத்தால் இந்தத் தூரம் மாறாது. அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் அதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான்கு இலக்கங்களுக்கு மட்டும் இது போதாது. 1-க்கும் 7-க்கும் இந்த விளிம்புத் தூரங்கள் ஒன்றே. 2-க்கும் 8-க்கும் அப்படியே. 1-இல் இரண்டு கறுப்புக் கோடுகளும் சேர்ந்து 3 மாட்யூல், 7-இல் 5 மாட்யூல். அவற்றைப் பிரித்துச் சொல்ல ஸ்கேனர் கோட்டின் அகலத்தையே பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு கோடும் அரை மாட்யூல் பெருத்துவிட்டால் 1-இன் கறுப்பு 4 ஆகிவிடும். 3-க்கும் 5-க்கும் நட்ட நடுவில். ஒன்றா, ஏழா? அக்காவின் எண்ணில் இரண்டுமே இருந்தன. சூடு அதிகம் வைத்திருந்ததால் கோடு பெருத்தது ஒரு பக்கம். சுருக்கியதில் விளிம்பே இடம் மாறியது இன்னொரு பக்கம். நிதானமாக, கைக்கு அருகில் வைத்து நாலு முறை முயன்ற என் ஸ்கேனர் எப்படியோ ஊகித்துக்கொண்டது. அவசரத்தில் ஓடும் கவுண்டர் ஸ்கேனர் விட்டுவிட்டது.

ஒன்றை ஏழு என்று தப்பாகப் படித்து வேறு பொருளுக்கு பில் போட்டுவிடாதா என்று கேட்கலாம். அதற்குத்தான் கடைசி இலக்கம் காவல் இருக்கிறது. 890123456789 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை முறையே 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 130. அதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டும்? ஒன்றும் வேண்டாம், எனவே 13-ஆவது இலக்கம் 0. ஏதாவது ஓர் இலக்கம் மாறினால் இந்தக் கூட்டல் கட்டாயம் பிசகும். அதனால் ஸ்கேனர் தப்பாகச் சொல்லாமல், பேசாமல் இருந்துவிடுகிறது. பெட்டி திரும்பி வருவதற்கும் காரணம் அந்த மௌனம்தான்.

திருத்தம் இதுதான்: மாட்யூலை மில்லிமீட்டரில் யோசிக்காமல் புள்ளியில் யோசிக்க வேண்டும், அதுவும் முழு எண்ணாக. 203 டி.பி.ஐ.-யில் 2 புள்ளி என்றால் 0.25 மி.மீ., குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. 3 புள்ளி என்றால் 0.375, அதாவது சுமார் 114 சதவீதம். நல்ல அளவு. ஆனால் 113 மாட்யூலுக்கு 42.4 மி.மீ. வேண்டும். 38 மி.மீ. லேபிளில் அதற்கு இடமே இல்லை! 300 டி.பி.ஐ. பிரிண்டர் வாங்கினாலும் 4 புள்ளிக்கு 38.3 மி.மீ. ஆகிறது; அதுவும் அடங்காது. ஆக, நான் எழுதிய புரோகிராம் எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் அந்த லேபிளில் சரியான இ.ஏ.என்.-13 வந்திருக்காது. 50 மி.மீ. லேபிளுக்கு மாறினோம்.

பார்கோடைப் படமாக அனுப்புவதையும் விட்டேன். பிரிண்டருக்கே அதை வரையத் தெரியும். எண்ணையும் அகலத்தையும் சொன்னால் போதும். ஜீப்ரா வகையில் தொப்பிக் குறி போட்டு பி, ஒய் என்று எழுதி 3 கொடுத்தால் மாட்யூலுக்கு 3 புள்ளி. சொல்லாமல் விட்டால் அது 2 என்று எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் எண் தடித்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள விகிதம், 2-இலிருந்து 3 வரை. அது கோடு 39 போன்றவற்றுக்கு மட்டும்தான், இ.ஏ.என்.-இல் அதை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாற்றமும் இல்லையே என்று குழம்பியவர்கள் உண்டு. பில் அடிக்கும் சின்னப் பிரிண்டர்களில் 29, 119, 3 என்று அனுப்பினால் அகலம் 3 புள்ளி. 29, 104 என்று சொல்லி அடுத்த எண்ணில் உயரம். பிறகு 29, 107 என்று தொடங்கி எண்ணை அனுப்ப வேண்டும். டி.எஸ்.சி. பிரிண்டர்களில் ஒரே கட்டளை வரியில் மெல்லியதற்கு இத்தனை, தடித்ததற்கு இத்தனை என்று கொடுக்கலாம். மொழி வேறு, கணக்கு ஒன்றே.

புள்ளி சரியான பிறகும் சூட்டைக் கவனிக்க வேண்டும். கறுப்பு நன்றாக வரட்டும் என்று சூட்டை ஏற்றுவது எல்லோரும் செய்கிற தப்பு. கோடு பெருத்து, வெள்ளை அடைந்துபோகும். கோடு உடையாமல் வரும் குறைந்த சூடே போதும். கோடுகள் லேபிள் நகரும் திசையிலேயே ஓடும்படி வைத்தால் விளிம்பு சுத்தமாக வரும். குறுக்கே வைத்தால் ஆறாத சூடு பின்விளிம்பை இழுத்துவிடும். ஆனால் நகரும் திசையில் வைக்கும்போது தலையில் ஒரு புள்ளி எரிந்துபோயிருந்தால் ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை மூளியாகிவிடும். ஆகவே மாதம் ஒரு முறையாவது முழுக் கறுப்பாக ஒரு லேபிள் அடித்து, வெள்ளைக் கீற்று ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அக்காவுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. "தீபாவளி பலகாரத்துல கறுப்புக் கோடு என்னவோ மாதிரி இருக்கு தம்பி, குங்குமச் சிவப்புல போடக் கூடாதா?" என்றார். கூடாது. கடை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியால் பார்க்கின்றன. சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். மஞ்சள் நிறத் தாளில் கறுப்புக் கோடு போடலாம் என்றேன். மஞ்சள் கிடைத்ததே போதும் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் சரக்கு அங்கே போயிற்று, திரும்பி வரவில்லை. மிச்சமிருந்த 38 மி.மீ. ரோல்களில் விலையும் தேதியும் மட்டும் அடித்துத் தீர்த்தார்கள்.

இப்போது கடைக்குக் கடை பணம் வாங்க ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டங்களுக்கும் இதே கணக்குதான். அங்கே கோட்டுக்குப் பதில் சதுரம். ஒரு சதுரத்துக்கு இத்தனை புள்ளி என்று முழு எண்ணாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துக்கொள்ளும் வசதி அதில் கூடுதலாக உண்டு. அதனால் தப்பு வெளியே தெரிய நாளாகும்.

பொங்கல் அன்று ஸ்டிக்கர் காட்டிய அன்பருக்கு: வீட்டுக்கு வந்து லென்ஸில் எண்ணிப் பார்த்துவிட்டேன். உங்கள் ஸ்டிக்கரிலும் 2, 3, 3, 2 என்றுதான் நிற்கிறது. பிரிண்டரை மாற்ற வேண்டாம். லேபிளை 50 மி.மீ. ஆக்குங்கள், சாஃப்ட்வேரில் 'அடங்கும்படி சுருக்கு' என்பதை எடுத்துவிட்டு மாட்யூலுக்கு 3 புள்ளி வையுங்கள். புது ரோல் வந்ததும் முதல் பத்து ஸ்டிக்கரை என்னிடம் கொடுத்தனுப்புங்கள்.